அப்பாவின் ஹெரால்டும் ஐந்து மீட்டர் கயிறும்



போன மாதம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு பையன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். ஒரகடத்தில் பிக்கப் வண்டி வைத்து, கம்பெனிகளுக்கு உதிரிபாகம் ஏற்றுகிறவன். அவன் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஸ்ரீபெரும்புதூர் வீட்டு வேப்பமரத்தடியில் பல வருஷமாக நிற்கிறது. எஞ்சின் ஓடாது. அப்பா உடம்பு முடியாமல் தென்காசியில் இருக்கிறார்.

"அவர் கண்ணால ஒரு தடவை பார்க்கட்டும் டீச்சர். பிக்கப்புல கட்டி இழுத்துட்டுப் போகப் போறேன். ஹூக் வெல்டிங் வச்சாச்சு, பிரேக் லைனிங் மாத்தியாச்சு, இரும்புக் கயிறும் வாங்கியாச்சு. கார் ஸ்டியரிங்கில் தம்பி உட்காருவான். போகலாம்தானே?"

அந்தத் தம்பியும் என்னிடம் படித்தவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காரைப் பற்றி. இன்று நம் பக்கத்தில் கார் என்றால் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், ஒரகடம் ரெனோ-நிசான் என்பார்கள். 1998இல் சான்ட்ரோ வந்த பிறகுதான் நமக்கும் காருக்கும் உறவு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதற்கு ஐம்பது வருஷம் முன்பே, 1948இல், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி சென்னையில் தொடங்கிவிட்டது. வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் தொழிற்சாலை. முதலில் வான்கார்டு, 1961 முதல் ஹெரால்டு, பிறகு கெசல், 1985இல் ஸ்டாண்டர்டு 2000. அந்தக் கடைசிக் கார் எடுபடவில்லை. 1988இல் ஆலை நின்றது. இந்தப் பையனின் அப்பா அங்கே ஃபிட்டராக இருந்தவர். அந்தக் கார் அவருக்கு வெறும் கார் இல்லை என்பது எனக்குப் புரிகிறது.

இனி இழுக்கும் கதை. 1916இல் அமெரிக்காவின் சட்டனூகா ஊரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற கராஜ்காரரை அவருடைய பழைய ஆசிரியர் உதவிக்குக் கூப்பிட்டாராம். அவர் கார் ஓடையில் கவிழ்ந்து கிடந்தது. (வாத்தியார்கள் எந்தக் காலத்திலும் பழைய மாணவர்களைத்தான் கூப்பிடுவோம்!) கயிறும் கட்டைகளும் வைத்து, ஆட்களைச் சேர்த்து மேலே கொண்டுவர எட்டு மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்குப் போன ஹோம்ஸ் ஒரு பழைய காடிலாக்கின் மேல் மூன்று கம்பம், ஒரு கப்பி, ஒரு சங்கிலி பொருத்தினார். இன்றைய இழுவை வண்டிகளுக்கு மூத்தது அதுதான். அவர் வெறும் கயிற்றோடு நிற்கவில்லை, காரைத் தூக்கினார் என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் 1989இல் வந்து 2017 வரை இருந்த சாலை ஒழுங்குமுறைகளும் இதைத்தான் பேசின. பழுதான வண்டியைப் பக்கத்துக் கராஜுக்கோ பெட்ரோல் பங்குக்கோதான் இழுக்கலாம் என்றன. இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக்கூடாது என்றன. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்றன. தென்காசி 600 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் போனால் நிற்காமல் 25 மணி நேரம்!

நான் கணக்கு டீச்சர் இல்லைதான், ஆனாலும் ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கும். 5 மீட்டர் இடைவெளி என்பது மூன்றில் ஒரு பங்கு விநாடிகூட இல்லை. முன்னால் அண்ணன் பிரேக் மிதித்ததைத் தம்பி பார்த்து, அவன் கால் பிரேக்குக்குப் போவதற்குள் இடித்து முடிந்திருக்கும். அதுவும் பல வருஷம் நின்ற காரின் பிரேக், டயர். இரும்புக் கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும்.

பையன் செய்த ஏற்பாடெல்லாம் முன்னால் போகிற வண்டிக்குத்தான். பின்னால் வருகிற காரை யாரும் யோசிக்கவில்லை. முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் சரியா என்றால், அதுவும் காரைப் பொறுத்தது. மாருதி 800, சான்ட்ரோவில் எஞ்சின் முன்சக்கரத்தைச் சுற்றுகிறது. முன்பக்கம் தூக்கினால் போதும். ஹெரால்டு, அம்பாசிடர், பத்மினி எல்லாம் பின்சக்கரம் சுற்றுபவை. முன்பக்கம் தூக்கி இழுத்தால் பின்சக்கரம் கியர்பாக்ஸின் ஒரு பாதியைச் சுற்றிக்கொண்டே வரும். எஞ்சின் ஓடாததால் ஆயில் சரியாகத் தெறிக்காது. நூறு கிலோமீட்டரில் கியர்பாக்ஸ் வெந்துவிடலாம். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றியாக வேண்டும்.

நம் ஊரில் புதுக் கார்கள் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். ஓடுகிற நிலையில் இருப்பவையே கன்டெய்னர் லாரிக்குள் ஏறித்தான் போகின்றன. வாலாஜாபாத் ஸ்டேஷனில் ரயிலிலும் ஏற்றுகிறார்கள். அந்தப் பெட்டிகள் வயதான பயணிகள் பெட்டிகள், ஜன்னலை அடைத்துக் கார் ஏற்ற மாற்றியவை.

இதையெல்லாம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஹூக்குக்கு வெல்டிங் காசு போச்சே டீச்சர்" என்றான். போன வியாழக்கிழமை வின்ச் வைத்த பிளாட்பாரம் லாரியில் ஹெரால்டை ஏற்றி, நாலு சக்கரத்தையும் பெல்ட் போட்டுக் கட்டினார்கள். அண்ணனும் தம்பியும் பிக்கப்பில் பின்னாலேயே போனார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி, முதலில் பானெட்டைத் திறக்கச் சொன்னாராம்.