நெருப்பின் எதிரிகள் – 14
ஓவியர் செய்த குழாய், நடிகர் வாங்கிய உரிமை

‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ கப்பலைப் பம்பாய் விக்டோரியா டாக்கில் கட்டிப் போட்டுவிட்டு, 1944 ஏப்ரல் 14 பிற்பகலில் அதன் இரண்டாம் நம்பர் அறையிலிருந்து புகை கிளம்பிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். மாலை 4 மணி 6 நிமிடத்துக்கு நடந்ததை இந்த வாரம் சொல்வதாகப் பேச்சு. நாமெல்லாம் சித்திரைப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடியோடு உட்காரும் அதே நாளில், நாடெங்கும் தீயணைப்பு நிலையங்களில் ஏன் மலர்வளையம் வைத்து மௌனமாக நிற்கிறார்கள் என்பதற்குப் பதில் அந்த 4 மணி 6 நிமிடத்தில்தான் இருக்கிறது.

சொல்லத்தான் உட்கார்ந்தேன். பாகூர்ப் பக்கத்து வாசகர் ஒருவரின் கடிதம் குறுக்கே வந்துவிட்டது. அவர் கேட்கிறார்: “எங்கள் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர்கள் பெயரை ஆண்டு போட்டு மரப்பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். போலீஸ் நிலையத்திலும் அப்படித்தான். தீயணைப்புத் துறைக்கு ஒரு பலகை எழுதினால், முதல் வரியில் யார் பெயர் வரும்?”

நல்ல கேள்வி. சென்னைக்காரரைக் கேட்டால் யோசிக்காமல் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பார். 1824இல் எடின்பரோவில் நகராட்சித் தீயணைப்புப் படையை அமைத்து, பிறகு லண்டனுக்குத் தலைமையேற்று, 1861 ஜூன் 22 அன்று டூலி தெருக் கிடங்குகள் எரிந்தபோது சுவர் சரிந்து மாண்டவர். பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆங்கிலேயர் வழி. வில்லியனூரும் பாகூரும் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு ஆளுநர் டுப்ளே கைக்கு வந்து, 1954 வரை பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த மண். நம் பலகையின் முதல் வரி பாரிசிலிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கே போய்ப் பார்த்தால் முதல் வரியில் இருப்பவர் போர்வீரர் அல்ல, பொறியாளரும் அல்ல. நாடக மேடையில் வேலைக்காரன் வேடம் கட்டிச் சிரிக்க வைத்த ஒரு நடிகர்!

பிரான்சுவா துய்பெரியே. முழுப் பெயர் இன்னும் நீளம். நமக்கு இது போதும்.

ஆண்டைக் கவனியுங்கள்: 1699. டச்சுக்காரர்கள் 1693இல் புதுச்சேரியைப் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சு ஆளுநர் பிரான்சுவா மர்த்தேனைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஊரை அளந்து, நூல் பிடித்தாற்போல் குறுக்கும் நெடுக்கும் தெருக்களைத் தாளில் வரைந்தார்கள். இன்று சுற்றுலாக்காரர்கள் பிரெஞ்சு அழகு என்று படம் எடுக்கும் அந்த நேர்த்தெருக்களின் முதல் வரைபடம் டச்சுக்காரருடையது என்பதை நம்மூரில் பலரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அகலமான நேர்த்தெருவை அழகுக்காக மட்டும் போட்டதாக நான் நினைக்கவில்லை. ஒரு வரிசை வீடு எரிந்தால் எதிர் வரிசைக்குத் தாவாமல் தடுக்க, நடுவில் விட்ட வெற்றிடத்தைவிட நல்ல காவலாளி கிடையாது. 1697இல் ரிஸ்விக் உடன்படிக்கை, 1699இல் ஊர் மீண்டும் மர்த்தேன் கையில். டச்சுக்காரர் புதுச்சேரியைத் திருப்பித் தந்த அதே 1699இல்தான், டச்சுக்காரரின் தீயணைப்புப் பம்பைப் பிரான்சில் செய்து விற்கும் உரிமையைப் பதினான்காம் லூயி ஒரு நடிகருக்கு எழுதிக் கொடுத்தார். யாரும் திட்டமிட்ட பொருத்தம் அல்ல, ஆனால் இதை விட்டுவிட்டு என்னால் பம்பாய்க்கு நகர முடியவில்லை.

அதற்கு முன் பாரிசில் தீப்பிடித்தால் என்ன செய்வார்கள்? கோயில் மணி அடிப்பார்கள். தோல் வாளிகள் கைமாறும். நீண்ட கழியில் கொக்கி மாட்டிப் பக்கத்து வீட்டுக் கூரையை இழுத்துத் தள்ளுவார்கள். பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. கீற்றுக் கூரை எரிந்தால் எரிகிற வீட்டை விட்டுவிட்டு, காற்று அடிக்கிற பக்கத்து வீட்டின் மேல் அரிவாளோடு ஏறிக் கூரையைப் பிரித்துப் போட்டவர்கள்தானே அவர்கள்! பாரிசில் இந்த வேலையில் முன் நின்றவர்கள் யார் தெரியுமா? கப்பூச்சின் துறவிகள். நம் கப்ஸ் கோயிலுக்குப் பெயர் தந்த அதே சபையினர். அங்கியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, கோடாரியோடு எரிகிற வீட்டுக்குள் நுழைவதில் பேர் பெற்றவர்கள். சம்பளம் கிடையாது. பலர் திரும்பி வரவும் இல்லை. நான் எழுதும் பலகையில் துய்பெரியேவுக்கு மேலே, பெயர் தெரியாத அவர்களுக்கென ஒரு வெற்று வரி விட்டுவைப்பேன்.

இந்த நேரத்தில் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஓவியர் வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருந்தார். யான் வான் டெர் ஹெய்டன். கால்வாய்க் கரை வீடுகளைச் செங்கல் செங்கலாக வரைவதில் வல்லவர். 1652இல் நகர மன்றக் கட்டடம் எரிந்து சாய்ந்தபோது அவருக்கு வயது 15. அதற்கு முன்பே பம்பு இருந்தது. தொட்டியின் மேல் பொருத்திய பித்தளை மூக்கு, அவ்வளவுதான். தீயில் பட வேண்டுமானால் பம்பையே தீக்கு அருகில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் வீட்டின் வெளிச்சுவரை நனைக்கும், உள்ளே நெருப்பு பாட்டுக்கு எரியும். ஹெய்டனும் அவர் தம்பியும் 1672 வாக்கில் தோலால் நீண்ட குழாய் செய்து, துண்டுக்குத் துண்டு பித்தளைத் திருகு வைத்து இணைத்தார்கள். பம்பு தெருவில் நிற்கும், குழாய் மாடிப்படி ஏறும், ஆள் நெருப்பின் அடிவயிற்றுக்கே போய்த் தண்ணீர் அடிப்பான். கால்வாயிலிருந்து நேரே உறிஞ்சும் குழாயும் செய்தார்கள். வாளி வரிசைக்கு வேலை போயிற்று. ஏரிக்கரையில் ஆயில் எஞ்சினை வைத்து, ஒரு முனையைத் தண்ணீரில் போட்டு மறுமுனையை வரப்புக்கு இழுத்துச் செல்கிற பாகூர் விவசாயி செய்வதும் இதே வேலைதான்.

ஹெய்டன் 1690இல் இதைப் பற்றிப் படங்களோடு ஒரு புத்தகமே போட்டார். பழைய பம்புக் காலத்தில் ஒவ்வொரு தீயிலும் போன சொத்து எவ்வளவு, புதுப் பம்பு வந்த பிறகு எவ்வளவு என்று கணக்கு எழுதினார். அழகாக வரையத் தெரிந்தவருக்குக் கணக்கும் வரும் என்பதை நம் ஊர்த் திட்ட அதிகாரிகள் கவனிக்கலாம்.

இப்போது நம் நடிகர். தெற்கே புரோவான்ஸ் பக்கத்துக்காரர். இளமையில் மோலியேர் வீட்டில் வேலை பார்த்தவர் என்பார்கள். பிறகு பிரெஞ்சு அரச நாடகக் குழுவில் சேர்ந்தார். டச்சு நாட்டில் இந்தக் குழாய்ப் பம்பைப் பார்த்துவிட்டு வந்து அரசரிடம் போய் நின்றார். வெர்சாய் தோட்டத்தில் செயற்கை நீரூற்றுக்குக் கணக்கில்லாமல் கொட்டிய லூயி, தலைநகரின் தீயணைப்புக்குக் காசு கொடுக்கவில்லை. 30 ஆண்டுக்கு ஏகபோக உரிமை மட்டும் கொடுத்தார். அதனால் முதல் பம்புகள் போய்ச் சேர்ந்தது பணக்காரர் மாளிகைகளுக்கு. ஏழை வீடு எரிந்தால் கப்பூச்சின்தான். லூயியை ‘சூரிய அரசர்’ என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடட்டும். இந்தத் தொடரில் அவருக்கு வில்லன் வேடம்தான்.

பாரிஸ் ஊருக்கென்று பம்பு வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? லாட்டரி! 1705இல் நடத்திய அரச லாட்டரியின் வருமானத்தில்தான் பம்புகள் வாங்கி நகரத்தின் வெவ்வேறு பகுதிகளில் வைத்தார்கள். லாட்டரி டிக்கெட் வாங்கிய கடைக்காரனும் சமையல்காரியும் தங்களை அறியாமல் ஒரு தீயணைப்புத் துறைக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

1716இல் துய்பெரியே பாரிஸ் நகரப் பம்புகளின் தலைமை இயக்குநர் ஆனார். என் கணக்கில் அவர் உண்மையான தலைவர் ஆனது அன்றைக்குத்தான், 1699இல் அல்ல. இயந்திரத்தை விற்பவன் வியாபாரி. அந்த இயந்திரம் நள்ளிரவில் வேலை செய்யும் என்று பொறுப்பேற்பவன்தான் அதிகாரி. தோல் குழாய் காய்ந்தால் வெடிக்கும். எண்ணெய் போட வேண்டும். பித்தளைத் திருகு களிம்பு பிடிக்கும், தேய்க்க வேண்டும். பம்பு வைத்திருக்கும் கொட்டகையின் சாவி யாரிடம் என்று தெருவுக்கே தெரிந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் சம்பளத்துக்கு ஆள், அந்த ஆளுக்குச் சீருடை. 1722இல் 60 பேர் கொண்ட காவல் குழுவாக அது வளர்ந்தது. அடுத்த ஆண்டு துய்பெரியே இறந்தார். இரண்டு மனைவியர் வழியாக அவருக்கு 32 பிள்ளைகள் என்று வரலாறு சொல்கிறது. சொந்த வீட்டிலேயே பாதிப் படை தயார்!

அவருக்குப் பின் வந்த ஓர் ஆணையை மட்டும் இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். தீயணைக்க வருவதற்குக் காசு கேட்கக் கூடாது என்று 1733இல் முடிவாயிற்று. அதற்கு முன், கட்டணத்துக்குப் பயந்து வீட்டுக்காரன் தீயை மறைத்து, தானே அணைக்கப் பார்த்து, தெருவையே கொளுத்திவிடுவான். இன்று நாம் 101க்கோ 112க்கோ போன் செய்துவிட்டுப் பர்சைத் தேடுவதில்லை என்றால் இப்படிப்பட்ட முடிவுகளின் புண்ணியம்தான்.

1760இல் பாரிஸ் பம்புகளின் நிர்வாகம் பியேர் மொரா கைக்கு மாறி, ஊரெங்கும் காவல் கொட்டகைகள் வரத் தொடங்கின. அதே 1760இல் இங்கே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார். 1761 ஜனவரி 16இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்தார். பிறகு சென்னை ஆளுநர் பிகட் உத்தரவில் ஊர் தரைமட்டம் ஆக்கப்பட்டது. இரண்டரை ஆண்டுக்கு முன் பாகூருக்குத் தெற்கே, கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் கோட்டையை லாலி இடித்ததற்குப் பதிலடி. பிகட்டும் வில்லன், லாலியும் கதாநாயகன் அல்ல. ஒரு சாம்ராஜ்யம் தலைநகரில் ஓட்டுக்கூரையைக் காப்பாற்ற ஆள் போட்டுக்கொண்டிருந்தபோது, அதன் காலனியில் கூரையே மிஞ்சவில்லை.

நெப்போலியன் பக்கம் ஒரு எட்டு போய்விட்டு வருகிறேன். 1810 ஜூலை 1. பேரரசரின் திருமணத்தைக் கொண்டாட ஆஸ்திரியத் தூதர் ஷ்வார்சன்பெர்க் பாரிசில் விருந்து வைத்தார். தோட்டத்தில் தற்காலிகமாக எழுப்பிய மரக்கூடம், மெல்லிய துணித் திரைகள், ஆயிரக்கணக்கில் மெழுகுவத்திகள். ஒரு திரை பற்றியது. கூடம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. தூதரின் அண்ணியே கருகி இறந்தார். தீயணைக்க வந்தவர்கள் போதவில்லை, வந்தவர்களை நடத்த ஆளும் இல்லை. கோபத்தோடு வெளியேறிய நெப்போலியன் 1811 செப்டம்பரில் பாரிஸ் தீயணைப்பாளர்களை ராணுவப் பட்டாளமாக மாற்றினார். அந்தப் படை இன்றும் ராணுவத்தின் பகுதிதான்.

விருந்துக்கூடம் என்று படிக்காமல் பந்தல் என்று படித்துப் பாருங்கள். 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தல்: 48 உயிர். 2004 ஜனவரியில் திருவரங்கம் கல்யாண மண்டபம்: மணமகனும் மிஞ்சவில்லை. அதே 2004 ஜூலை 16, கும்பகோணம்: சமையல் கூடத்துத் தீ வகுப்பறைக் கீற்றுக்கு ஏறி 94 குழந்தைகள். நெப்போலியன் பட்டாளம் அமைத்தார், நாமும் கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிக் கீற்றுகளை இறக்கினோம். இரண்டுமே எரிந்த பிறகு வந்தவை. எரிவதற்கு முன் வந்து, “இந்தப் பந்தலுக்கு இன்னொரு வழி விடுங்கள், அடுப்பை அந்தப் பக்கம் தள்ளுங்கள், வைக்கோல் பாரத்தை இவ்வளவு உயரம் ஏற்றினால் மின்கம்பியில் உரசும்” என்று சொல்கிற நிலைய அதிகாரியை நாம் எப்படி நடத்துகிறோம்? விழாக் கமிட்டிக்கு அவர் தொந்தரவு, லாரிக்காரருக்கு இடைஞ்சல். அவர் பேச்சைக் கேட்டதால் எரியாமல் போன பந்தலை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. அதனாலேயே அவர் பெயர் எந்தப் பலகையிலும் முதலில் ஏறுவதில்லை. இறந்த தீயணைப்பு வீரருக்கு மரியாதை செய்யத் தெரிந்த ஊர், தீயே வராமல் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவரை வழியனுப்பும் நாளோடு மறந்துவிடுகிறது. எனக்கு இதில் கடும் வருத்தம் உண்டு.

பக்கம் முடிகிறது என்று ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டாம் முறை போன் வந்துவிட்டது. பம்பாய்? நியாயமான கேள்வி. சுருக்கமாக இவ்வளவுதான் இந்த வாரம்: கப்பலில் 1,395 டன் வெடிபொருள், பஞ்சுப் பொதிகள், தங்கக் கட்டிகள். 32 குழாய்கள், 900 டன் தண்ணீர் அடித்தும் தீயின் மூலம் அகப்படவில்லை. 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடிப்பு, 4 மணி 34க்கு இரண்டாவது. 66 தீயணைப்பு வீரர்கள் போனார்கள். செய்தியைப் பிரிட்டிஷ் அரசு அமுக்கப் பார்க்க, ஜப்பானியர் பிடியிலிருந்த சைகோன் வானொலி மறுநாளே உலகுக்குச் சொன்னது. சைகோனில் அப்போது நம் புதுச்சேரிக்காரர்கள் எத்தனை குடும்பம் இருந்தார்கள் என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீதி அடுத்த வாரம். இம்முறை எந்த நடிகரும் குறுக்கே வரமாட்டார்.

அதற்குள் எனக்கு ஓர் உதவி வேண்டும். வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் கொம்யூன் பகுதிகளில் யார் வீட்டிலாவது, சொல்தா தாத்தாக்களின் படங்களுக்கு நடுவே, புதுச்சேரியிலோ சைகோனிலோ தீயணைப்பு வேலை பார்த்த ஒருவரின் படம், சீருடைப் பித்தான், சம்பளச் சீட்டு, ஓய்வூதியப் புத்தகம் ஏதாவது இருந்தால், நகல் எடுத்து இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு அனுப்புங்கள். கூடவே, உங்கள் ஊர் நிலையத்தில் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்ற அதிகாரிகளின் பெயரை ஆண்டு வரிசையில் எழுதி மாட்ட ஒரு பலகை வேண்டுமென்று கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஒரு மனுப் போடுங்கள். மரப்பலகைக்கும் பெயிண்டருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.