வளையமும் வயல் வேலையும்



எங்கள் முத்துப்பேட்டைக்குத் தெற்கே அலையாத்திக் காடு. மற்றத் திசைகளில் நெல்வயல். காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை இது. தண்ணீர் வந்த கையோடு நடவு நடந்தாக வேண்டும். தாழ்த்தினால் இளம்பயிர் ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கிப்போகும். இயந்திர நடவு வருவதற்கு முன்னர், காலை முதல் மாலை வரை முழங்கால் சேற்றில் குனிந்து நட்டவர்கள் பெண்களே. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் நான் சொல்லவந்த சரித்திரம் விளங்கும்.

கருத்தடை வளையத்தைப் பற்றி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பேசாமல் விட்டதனால் விளைந்த கேட்டைத்தான் கூறப்போகிறேன்.

கருப்பையினுள் ஒரு சிறு பொருளை வைத்துக் கருவைத் தடுக்கும் முறையை 1920களில் பெர்லின் நகரத்து மருத்துவர் எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க் வெள்ளி வளையத்தைக் கொண்டு கையாண்டார். அது அக்காலத்தில் நிலைபெறவில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகர மருத்துவர் ஜாக் லிப்பெஸ், வளைந்து நெளிந்த பிளாஸ்டிக் சாதனம் ஒன்றை அமைத்தார். அதன் அடியில் மெல்லிய நூல் தொங்கும். அதுவே 'லூப்'.

1965இல் இந்திய அரசு லூப்பைக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சேர்த்தது. கான்பூரில் அதற்கென ஓர் ஆலையும் ஏற்பட்டது. 1966-67இல் நாடெங்கும் ஏறத்தாழ 9 இலட்சம் பெண்களுக்கு அது பொருத்தப்பட்டது. மறு ஆண்டே எண்ணிக்கை 7 இலட்சத்துக்குக் கீழே இறங்கியது. அதற்கடுத்த ஆண்டு 5 இலட்சத்தையும் எட்டவில்லை. சென்னை மாநிலத்திலோ 1950களின் பிற்பகுதியிலிருந்தே ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சைக்கு உதவித்தொகை தந்து ஊக்கமளித்து வந்தார்கள். ஆகவே லூப்புக்கு இங்கு அத்துணை செல்வாக்கு உண்டாகவில்லை.

வீழ்ச்சிக்குக் காரணம் பெண்களின் அறியாமையே என்று எழுதியவர்கள் உண்டு. நான் அதை ஒப்புவதில்லை. லூப் உள்ளவர்களுக்கு மாதவிலக்கில் உதிரப்போக்கு மிகுந்தது. ஏற்கெனவே இரத்தசோகையில் வாடியவர்கள் மேலும் தளர்ந்தார்கள். சிலருக்கு அது தானே நழுவி விழுந்தது. வயிற்று வலியோடு திரும்பி வந்தவரைப் பார்க்கப் பெண் மருத்துவர் இல்லை. இத்தனை பேருக்குப் பொருத்த வேண்டும் என்ற இலக்கு இருந்ததே தவிர, பொருத்தியபின் விசாரிக்க ஆள் இல்லை. விடை கிடைக்காத இடத்தில் வதந்தி முளைத்தது. வளையம் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்றார்கள். குனிந்து நட்டால் சேற்றில் விழுந்துவிடும் என்றார்கள். சிறுவனாக நான் சுவரில் சிவப்பு முக்கோணத்தை வேடிக்கை பார்த்த நாட்களில், திண்ணையில் அமர்ந்த பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி இதைப் பேசியது காதில் விழுந்திருக்கிறது.

நெஞ்சுக்கு ஏறும் என்பது வீண் பேச்சு. ஆனால் குனிந்து வேலை செய்யலாமா என்பது நியாயமான கேள்வி. அதனைக் கேட்டவளுக்கு அதில் ஒரு நாள் கூலி அடங்கியிருந்தது.

இன்று அதே கேள்வியை ஓடுகிறவர்களும், கபடி ஆடுகிறவர்களும், எடை தூக்கிப் பயிலும் இளம்பெண்களும் கேட்கிறார்கள். சாதனம் மட்டும் மாறியிருக்கிறது. லூப்புக்குப் பின் தாமிரக் கம்பி சுற்றிய காப்பர்-டி வந்தது. ஃபின்லாந்து நாட்டு மருத்துவர் தபானி லூக்கைனென் முதலியோரின் உழைப்பால், ஹார்மோன் சுரக்கும் சாதனம் 1990இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. 'டி' எழுத்து வடிவான அதில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ளது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் வீதம் கசியும். அது கருப்பையின் உட்சவ்வை மெலியச் செய்வதால், லூப்புக்கு நேர்மாறாக உதிரப்போக்கு குறைகிறது. முதற் சில மாதங்களில் ஒழுங்கின்றித் திட்டுத்திட்டாக உதிரம் தென்படலாம். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். கருப்பை தானே தடித்த தசைப்பை. அதன் வாய் இறுக்கமானது. நாம் குனியும்போதும் பளு தூக்கும்போதும் இறுகுவன வயிற்றுத் தசைகள். அவை உள்ளிருக்கும் சாதனத்தைப் பிடித்து இழுப்பதில்லை. அதை வெளியே தள்ளக்கூடியது கருப்பையின் சொந்தச் சுருக்கமே. உடற்பயிற்சியால் சாதனம் விழும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. நூறு பேரில் சிலருக்கு அது நழுவுவதுண்டு. பெரும்பாலும் முதல் ஆண்டில், அதிலும் தொடக்க மாதங்களிலேயே அது நேர்கிறது. பிரசவமானவுடன் பொருத்திக்கொண்டவர்களுக்கும், உதிரப்போக்கு மிகுந்தவர்களுக்கும், கருப்பையில் பெரிய கட்டி உள்ளவர்களுக்கும் அந்த வாய்ப்பு சற்று அதிகம். நடவுப் பெண்ணுக்கு நழுவியது சேற்றில் குனிந்ததனால் அன்று. அவள் பெரும்பொழுதும் சேற்றில் நின்றமையால் பழி அதன்மேல் விழுந்தது.

பொருத்திய நாளில் ஓய்வு கொள்வது நலம். வலி தணிந்தபின், பெரும்பாலோர் ஓரிரு நாளில் நடையும் ஓட்டமும் தொடங்கலாம், வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம். நூல் வழக்கத்தைவிட நீண்டு தோன்றினாலும், அகப்படாமற் போனாலும், கடினமான பிளாஸ்டிக் விரலில் தட்டுப்பட்டாலும், மருத்துவர் பார்க்கும்வரை அதை நம்பியிராமல் வேறு கருத்தடையைக் கையாள வேண்டும். காய்ச்சலோடு கூடிய அடிவயிற்று வலிக்கும், திடீரெனப் பெருகும் உதிரத்துக்கும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், அது நடவு நாளாக இருந்தாலும்.