யாருடைய திருடன்?

1905 மார்ச் மாதம், வடபிரான்சின் அமியான் நகர நீதிமன்றத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அவர்களுக்குத் தலைவர் மரியூஸ் ழாக்கோப். மார்சேய் துறைமுக நகரத்தவர், வயது இருபத்தைந்து. தம்மை வெளிப்படையாக அரசின்மைவாதி என்று சொல்லிக்கொண்டவர். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட திருட்டுகள் அந்தக் கூட்டத்தின் மேல் சுமத்தப்பட்டிருந்தன. ழாக்கோப் மன்னிப்புக் கேட்கவில்லை. உழைப்பவனிடமிருந்து பறித்ததைத் திரும்ப எடுப்பது குற்றமாகாது என்று நீதிபதிகளின் முகத்துக்கு நேராக வாதாடினார். ஆயுள் முழுவதும் கடுங்காவல் என்று தீர்ப்பாயிற்று. நான்கு மாதம் கழித்து, ஜூலை 15 அன்று, பாரிஸின் ‘ழெ ஸே தூ’ மாத இதழில் மொரிஸ் லெப்லான் எழுதிய ஒரு சிறுகதை வந்தது. அட்லாண்டிக்கைக் கடக்கும் ஒரு சொகுசுக் கப்பல். முதல் வகுப்புப் பயணிகளிடையே ஒரு பெயர்பெற்ற திருடன் ஒளிந்திருக்கிறான் என்று கம்பியில்லாத் தந்தி சொல்கிறது. நமக்குக் கதை சொல்லிக்கொண்டு வருபவனே அந்தத் திருடன் என்பது கடைசியில்தான் தெரிகிறது. அவன் பெயர் அர்சேன் லூபின். கதைசொல்லியே குற்றவாளி என்ற உத்தியால் அகதா கிறிஸ்டி 1926இல் வாசகர்களைத் திகைக்கவைத்ததற்கு இருபத்தோராண்டு முந்தைய கதை இது.

இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்கள், ழாக்கோப்தான் லூபினுக்கு அச்சு என்று முடிவுகட்டினார்கள். இன்றும் பிரான்சில் பலர் அப்படியே நம்புகிறார்கள். நம்புவதற்கு இடமும் இருக்கிறது. 1899இல் மார்சேயில் ழாக்கோப் கூட்டாளிகளுடன் போலீஸ் அதிகாரி வேடத்தில் ஓர் அடகுக் கடைக்குள் நுழைந்தார். திருட்டுப் பொருளைத் தேடுவதாகச் சொல்லி, கடையிலிருந்த நகைகளையெல்லாம் முறைப்படி பட்டியலிட்டுப் ‘பறிமுதல்’ செய்தார். கடைக்காரரை நீதிமன்றத்துக்கே அழைத்துப் போய் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மறைந்தார். 1901இல் பாரிஸில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியிலிருந்து துளையிட்டபோது, மூடிய குடையைத் துளை வழியே இறக்கிக் கீழே விரித்து, உதிரும் காரையை ஓசையில்லாமல் அதிலேயே ஏந்திக்கொண்டார்கள். லெப்லானின் கதையில் வந்திருந்தால் கற்பனை என்று நினைத்திருப்போம். ஆனாலும் ழாக்கோபின் வாரிசாக லூபினைப் பார்ப்பது தவறு என்பதே என் கருத்து. ழாக்கோபிடமிருந்து லெப்லான் எதையாவது எடுத்திருக்கலாம். எதை விட்டுவிட்டார் என்று பார்த்தால்தான் லூபின் பிறந்த காரணம் விளங்கும். உடைமையைக் கேள்வி கேட்கும் திருட்டை, உடைமையைக் காக்கும் திருட்டாக லெப்லான் மாற்றினார்.

ழாக்கோப் கூட்டத்துக்குக் கட்டுப்பாடான விதிகள் இருந்தன. பாதிரியார், நீதிபதி, ராணுவ அதிகாரி, நிலப்பிரபு ஆகியோரின் வீடுகளில் கைவைக்கலாம். மருத்துவர், ஆசிரியர், எழுத்தாளர் வீட்டைத் தொடக்கூடாது. கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு இயக்கத்துக்குப் போக வேண்டும். தன் உயிருக்கோ விடுதலைக்கோ ஆபத்து வந்தாலன்றிக் கொலை கூடாது. அந்த விதிவிலக்கே அவர்களை வீழ்த்தியது. 1903 ஏப்ரலில் அபெவில் நகரில் துரத்தி வந்த போலீஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார், கூட்டம் பிடிபட்டது. ஆக ழாக்கோபின் திருட்டில் கொள்கை இருந்தது, பகை இருந்தது, ரத்தமும் இருந்தது. இனி ‘ழெ ஸே தூ’வின் வாசகர் யார் என்று பாருங்கள். பியேர் லஃபித் என்ற பதிப்பாளர் 1905 பிப்ரவரியில்தான் அதைத் தொடங்கினார். வழவழப்பான தாள், நிறையப் படங்கள், அறிவியலும் விளையாட்டும் பயணமும் கலந்த உள்ளடக்கம். வசதியான குடும்பங்களின் வரவேற்பறை மேசைக்காகவே அச்சான இதழ். ழாக்கோப் குறிவைத்த வீடுகளும் இந்த இதழ் போய்ச்சேர்ந்த வீடுகளும் ஏறக்குறைய ஒரே தெருக்களில் இருந்தன. இங்கிலாந்தில் ஷெர்லாக் ஹோம்ஸ் இதழ் விற்பனையை உயர்த்தியதைப் பார்த்து, அதுபோல ஒன்று வேண்டும் என்று லஃபித் கேட்டார். லெப்லான் ருவான் நகரத்து வணிகக் குடும்பத்துப் பிள்ளை. ஃப்ளோபேரையும் மொப்பசானையும் வழிபட்டு, உளவியல் நாவல்கள் எழுதிப் பெரிய பெயர் கிடைக்காமல் நாற்பது வயதைத் தொட்டிருந்தவர். வெள்ளிப் பாத்திரங்களைப் பூட்டிவைத்திருக்கும் வாசகரே ரசிக்கக்கூடிய ஒரு திருடனை அவர் படைத்தாக வேண்டியிருந்தது.

அதை எப்படிச் சாதித்தார் என்பதற்கு, சிறையில் இருந்தபடியே லூபின் திருடும் கதை நல்ல சாட்சி. லா சாந்தே சிறையிலிருந்து அவன் கஹோர்ன் என்ற சீமானுக்குக் கடிதம் எழுதுகிறான். கோட்டையிலுள்ள இன்னின்ன ஓவியங்களையும் மேசை நாற்காலிகளையும் மூட்டைகட்டி ரயிலில் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நானே வந்து எடுத்துக்கொள்வேன் என்கிறான். கூடவே, அங்கிருக்கும் பெரிய வாத்தோ ஓவியம் நகல், அது எனக்கு வேண்டாம் என்றும் குறிப்பிடுகிறான். அந்தச் சீமான் பங்குச் சந்தையில் திடீர்ப் பணக்காரர் ஆனவர், நொடித்துப்போன பிரபுக் குடும்பத்திடமிருந்து கோட்டையை வாங்கியவர். அசல் எது நகல் எது என்று அவரைவிடத் திருடனுக்கு நன்றாகத் தெரியும். எனவே அந்தப் பொருள்கள் மீது யாருக்கு அதிக உரிமை என்ற கேள்வி வாசகர் மனத்தில் தானாக எழுகிறது. (சீமானுக்கு நாதான் என்று முதற்பெயர் வைத்ததன் மூலம், யூத ராணுவ அதிகாரி திரெய்ஃபுஸ் மீதான தேசத்துரோக வழக்கு கிளறிவிட்ட யூத வெறுப்பையும் லெப்லான் சற்றே தீண்டினார். அதை மூடிமறைக்க வேண்டியதில்லை.) முடிவில் நடப்பதைக் கவனியுங்கள். பொருள்கள் ஏழைகளிடம் போவதில்லை. ஒரு லட்சம் பிராங்கைப் பெற்றுக்கொண்டு அவற்றைச் சீமானிடமே திருப்பிக் கொடுக்க ஒப்பந்தம் ஆகிறது. ஓவியம் கோட்டையில், பணம் திருடனிடம். இதைப் படித்து எந்தக் கோட்டைக்காரரும் பயப்பட்டிருக்க மாட்டார்.

இதற்கு எதிராக, அரசியின் கழுத்தணி பற்றிய 1906ஆம் ஆண்டுக் கதையைச் சிலர் காட்டுவார்கள். அந்த எதிர்ப்பு வலுவானது. 1785இல் மரி அந்துவானெத் அரசியின் பெயரைக் கெடுத்து, முடியாட்சியின் மானத்தையே கப்பலேற்றிய அந்த வைர மாலையின் சட்டம் ஒரு பிரபுக் குடும்பத்தில் வழிவழியாக இருக்கிறது. அந்தச் சட்டம் மட்டும்தான் அசல், பழைய வைரங்கள் என்றோ பிரித்து விற்கப்பட்டதால் வேறு கற்கள் பதித்திருக்கிறார்கள். அந்த மாளிகையில் ஓர் ஏழைத் தாய் வேலைக்காரியைப் போல நடத்தப்படுகிறாள். அவளுடைய ஆறு வயது மகன், பெரியவர் எவரும் நுழைய முடியாத சிறு ஜன்னல் வழியாக மாலையைத் திருடி அவள் துன்பத்தைத் தீர்க்கிறான். அந்தச் சிறுவன்தான் லூபின். வர்க்கக் கோபம் அல்லாமல் இது வேறென்ன என்று கேட்கலாம். கோபம் இருக்கிறது, லெப்லான் எழுதியவற்றில் மிக உருக்கமான பக்கங்கள் அவை. ஆனால் அந்தத் தாய் பிறப்பால் பிரபுக் குலத்தவள். குத்துச்சண்டை கற்பிக்கும் ஒருவனை மணந்ததால் சொந்தங்களால் ஒதுக்கப்பட்டவள். உழைப்பவரைச் சுரண்டினார்களே என்று மகன் கொதிக்கவில்லை. உரிய மரியாதை உரியவளுக்கு மறுக்கப்பட்டதே என்றுதான் கொதிக்கிறான். வளர்ந்தபின் அவன் செய்வது இன்னும் தெளிவாகப் பேசுகிறது. கற்களெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டன, சரித்திரச் சின்னமான சட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை அவன் அந்தக் குடும்பத்துக்கே திருப்பி அனுப்புகிறான், பெருந்தன்மையான செயல் என்று பத்திரிகைகள் பாராட்டுகின்றன. வெறும் பணமாக இருந்ததைச் செலவழித்து, வரலாறாக இருந்ததைத் திருப்பிவைக்கும் வழக்கம் இந்தக் கதையிலேயே தொடங்கிவிட்டது.

போலீஸை அவன் படுத்தும் பாடு அரசுக்கு எதிரான குரல் அல்லவா என்பது அடுத்த கேள்வி. சிறையிலிருந்து தப்பும் கதையில், கைதிகளின் உடலை அளந்து அடையாளம் காணும் பெர்த்தியோன் முறையை லூபின் கேலிக்கூத்தாக்குகிறான். அளவெடுக்கும் அலுவலகத்தில் ஒருவனுக்கு லஞ்சம் கொடுத்து, அட்டையில் பொய் அளவுகளை எழுதவைத்துவிடுகிறான். கதை வந்தது 1906 ஜனவரியில். இதே பெர்த்தியோன்தான் கையெழுத்து நிபுணராக வந்து, அப்பாவியான திரெய்ஃபுஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். அதே ஆண்டு ஜூலையில் திரெய்ஃபுஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. அதாவது, பாதி நாடு ஏற்கெனவே நம்பிக்கை இழந்துவிட்ட ஒரு நிபுணரை லூபின் கேலி செய்தான். குடியரசை அவன் கேலி செய்யவில்லை. 1910இல் வந்த ‘813’ நாவலில் புலனாய்வுத் துறையின் தலைவராகவே மாறுவேடத்தில் ஆண்டுக்கணக்கில் பணிபுரிகிறான், அதுவும் மிகத் திறமையான தலைவராக. போன வாரம் பார்த்த, குற்றவாளியாக இருந்து புலனாய்வுத் தலைவரான விடோக்கின் நிழல் இங்கே விழுகிறது. 1912இன் ‘பளிங்கு மூடி’யில் இன்னும் பெரிய வாய்ப்பு அவன் கைக்கு வருகிறது. ஒரு கால்வாய்க் கம்பெனியிடம் லஞ்சம் வாங்கிய இருபத்தேழு பேரின் பட்டியல். லட்சக்கணக்கான சிறு சேமிப்பாளர்களை மண்ணைக் கவ்வவைத்த பனாமா ஊழலை நினைக்காமல் எந்தப் பிரெஞ்சு வாசகரும் இதைப் படித்திருக்க முடியாது. ழாக்கோப் கையில் அந்தத் தாள் கிடைத்திருந்தால் மறுநாளே சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும். லூபின் அதை வைத்துக் கில்லட்டினுக்குப் போகவிருந்த ஓர் இளைஞனின் உயிரை மீட்கிறான். மனிதநேயமான செயல்தான். ஊழல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்த வாதத்துக்கு உச்ச சாட்சியம் 1909இல் நூலாக வந்த ‘உட்குழிந்த ஊசி’. நார்மண்டிக் கடற்கரையில் எத்ரத்தா என்ற ஊரில் சுண்ணாம்புப் பாறை ஒன்று கடலுக்குள் ஊசிபோல நிற்கிறது. அது உள்ளே குடைவானது, பிரெஞ்சு அரசர்களின் ரகசியக் கருவூலம் அதுதான் என்று லெப்லான் கற்பனை செய்தார். அந்த ரகசியம் அரசர்களுக்குப்பின் லூபினிடம் வந்து சேர்கிறது. அவன் அங்கே உலகின் தலைசிறந்த ஓவியங்களைக் குவித்துவைத்திருக்கிறான். மோனா லிசாவின் அசல்கூட அங்கேதான், லூவரில் தொங்குவது நகல். தன்னைத் தேடிவந்த பள்ளி மாணவனிடம் ஒவ்வொன்றையும் காட்டுகிறான். பேச்சில் கள்வனின் செருக்கு குறைவு, காப்பாளனின் பக்தி அதிகம். போகும்போது எல்லாவற்றையும் பிரான்ஸ் நாட்டுக்கே எழுதிவைக்கிறான். லூவர் அருங்காட்சியகத்தில் தன் பெயரிட்ட அறைகளில் அவை இருக்க வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை. தேவாலய உடைமைகள் யாருக்கு என்று நாடே சண்டையிட்ட காலம் அது. 1905 டிசம்பரில் திருச்சபையையும் அரசையும் பிரித்த சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அதிகாரிகள் கோயில் கோயிலாகப் பொருள் பட்டியல் எடுத்தபோது கைகலப்புகள் நடந்தன. அரசனும் சபையும் போன பின் தேசத்தின் புதையலுக்கு யார் பொறுப்பு என்ற தவிப்புக்கு ஒரு கனவுபோன்ற பதிலை லெப்லான் தந்தார். எதிராளியாக ஆங்கிலத் துப்பறிவாளரை அவர் நிறுத்தியதும் இதே உணர்ச்சியால்தான். கோனன் டாயிலின் எதிர்ப்புக்குப்பின் ஷெர்லாக் ஹோம்ஸ் ‘ஹெர்லாக் ஷோம்ஸ்’ ஆனார், அவ்வளவே.

சந்தேகம் இன்னும் இருந்தால், ‘புலியின் பற்கள்’ அதைத் தீர்த்துவிடும். ஆங்கிலத்தில் 1914இலும் பிரெஞ்சில் 1920இலும் வெளியான அந்த நாவலில் லூபின் அந்நியர் படையில் சேர்ந்து போரிட்டவன். மொரித்தானியாவில் தனக்கென ஒரு பேரரசையே நிறுவியவன். சிக்கல் வந்தபோது அந்தப் பேரரசைப் பிரான்சின் பிரதமரிடம் கொடுத்துத் தன் விடுதலையை வாங்குகிறான். பிரான்ஸ் 1912இல் மொராக்கோவைத் தன் பாதுகாப்பின்கீழ் கொண்டுவந்திருந்தது. ஆப்பிரிக்க மக்களின் நிலம் ஒரு திருடனின் பரிசுப்பொருளாகக் கைமாறுவதை லெப்லான் சற்றும் கூச்சமின்றி எழுதினார். அவருடைய கதைகளிலேயே மிகப் பெரிய திருட்டு அதுதான், ஆனால் கதைக்குள் யாரும் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை. ஆங்கிலக் கனவான் திருடனும் இதே வழியில் போனவன். கோனன் டாயிலின் மைத்துனர் ஹோர்னங் 1898இல் படைத்த ராஃபிள்ஸ், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் திருடிய பொற்கோப்பையை விக்டோரியா அரசிக்கு விழாக் காணிக்கையாக அனுப்புகிறான். கடைசியில் போயர் போரில் நாட்டுக்காகச் சாகிறான். இரண்டு நாடுகளில் இரண்டு எழுத்தாளர்கள் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள் என்றால், தற்செயல் என்று தள்ள முடியாது.

பொழுதுபோக்குக் கதைக்கு இவ்வளவு அரசியல் சுமையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாதந்தோறும் வாசகரின் அன்பைச் சம்பாதிக்க வேண்டிய எழுத்தாளர், அந்த வாசகர் எதை மன்னிப்பார், எதை மன்னிக்கமாட்டார் என்று துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். தனிமனிதரின் பேராசை தண்டிக்கப்படுவதை ‘ழெ ஸே தூ’ வாசகர் விரும்பினார். உடைமை என்ற ஏற்பாட்டின் மேல் கைவைப்பதை விரும்பவில்லை. அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று லெப்லானைப்போல அறிந்தவர் அப்போது இல்லை. அரசும் அவரை அந்நியமாக நினைக்கவில்லை. 1908இல் அவருக்கு லெஜியோன் தொனேர் விருது கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபிரான்சிஸ் தெ க்ருவாசேயுடன் சேர்ந்து அவர் எழுதிய லூபின் நாடகம் பாரிஸின் அத்தேனே அரங்கில் ஏறிப் பெருவெற்றி கண்டது. அந்த நேரத்தில் மரியூஸ் ழாக்கோப் தென்னமெரிக்கக் கரையோரம் கயானாவின் தீவுச் சிறையில் கைதியாக இருந்தார். பலமுறை தப்ப முயன்று தோற்றார். சிறைவாசம் மொத்தம் இருபதாண்டுகளைத் தாண்டியபின்தான் விடுதலை வந்தது. 1954இல் கிராமத்துச் சந்தைகளில் துணி விற்றுப் பிழைத்த முதியவராக அவர் இறந்தார். லெப்லான் அதற்கு முன்பே, 1941இல், பெர்ப்பிஞ்யான் நகரில் இறந்திருந்தார்.

லூபின் இப்படித் தேசத்தின் பிள்ளையாகிவிட்டதால், வாசகரைப் பயமுறுத்தும் திருடனின் இடம் காலியாகிவிட்டது. 1911 பிப்ரவரியில் சுவெஸ்த்ர், ஆலேன் என்ற இரு பத்திரிகையாளர்கள் அந்த இடத்தில் ஃபாந்தோமாஸ் என்ற ஒருவனை நிறுத்தினார்கள். அவனுக்குத் தாயும் இல்லை, தேசமும் இல்லை, யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்கும் எண்ணமும் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் போனோ கும்பலைச் சேர்ந்த அரசின்மைவாதிகள் துப்பாக்கியோடு மோட்டார் காரில் வந்து, பாரிஸின் ஓர்தனேர் தெருவில் வங்கி ஊழியரைச் சுட்டுப் பணப்பையைப் பறித்துச் சென்றார்கள். ஃபாந்தோமாஸ் கதைகளை மக்கள் எந்த அச்சத்தோடு படித்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)