கடலுக்கடியில் கேபிள் வந்தாச்சு… ஃபுல் சிக்னல் இருந்தும் நெட் சுத்துவது ஏன்? அந்தமானை வைத்து ஒரு விளக்கம்

இரவு 9 மணி. போனில் சிக்னல் கோடுகள் எல்லாம் முழுசா இருக்கு. ஆனால் வீடியோ கால் அப்படியே உறைந்து நிற்கிறது. அதே இடத்தில் காலை 5 மணிக்கு நெட் பறக்கிறது. என்ன நடக்குது?

இதைப் புரிந்துகொள்ள அந்தமான் நிக்கோபார் நல்ல உதாரணம். அங்கே இணையத்தைப் பங்குபோடும் பிரச்னை இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று கடலைத் தாண்டும் பாதை, மற்றொன்று டவர்.

முதல் பிரச்னை தீர்ந்தது எப்படி?

2020-க்கு முன் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. அதில் கிடைத்த குறைந்த அளவு பேண்ட்வித்தை எல்லோரும் பங்குபோட வேண்டும். செயற்கைக்கோள் சுமார் 36,000 கி.மீ உயரத்தில் இருப்பதால், ஒரு க்ளிக்குக்குப் பதில் வரவே அரை நொடி ஆகும்.

2020 ஆகஸ்ட் 10-ம் தேதி பிரதமர் மோடி சென்னை–அந்தமான் கடலடி கேபிளைத் தொடங்கி வைத்தார். சுமார் 2,300 கி.மீ நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு. இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியுள்ள போர்ட் பிளேருடன் ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகியவையும் இணைந்தன. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே திட்டமிட்ட திறன் 2×200 ஜிபிபிஎஸ். 2011 கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் பேர் வாழும் தீவுகளுக்கு இது பெரிய பாய்ச்சல்.

அப்புறமும் ஏன் சுத்துது?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்கட்டில் எவ்வளவு சோறு இருந்தாலும், பரிமாறுபவர் கையில் ஒரு வாளிதான். கேபிள் சமையல்கட்டை நிரப்பியது. வாளி என்பது உங்கள் டவருக்குக் கிடைத்திருக்கும் அலைக்கற்றை.

20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை உள்ள ஒரு 4ஜி செல், வழக்கமான இரட்டை ஆன்டெனா அமைப்பில், ஏட்டளவில் 150 எம்பிபிஎஸ் வரை தரும். 50 பேர் ஒரே நேரத்தில் வீடியோ இறக்கினால் சராசரியாக ஆளுக்கு 3 எம்பிபிஎஸ்தான்.

டவர் எப்படிப் பங்கு போடுகிறது?

- 2ஜி: 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையை நேரத்தால் எட்டாக வெட்டி, எட்டு பேருக்கு மாறி மாறிக் கொடுத்தது.
- 3ஜி: எல்லோரும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசலாம். ஆளுக்கு ஒரு குறியீடு. தனக்கான குறியீட்டை வைத்து போன் தன் தகவலைப் பிரித்தெடுக்கும்.
- 4ஜி: அலைக்கற்றையை 180 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக வெட்டும். 20 மெகாஹெர்ட்ஸில் 100 துண்டுகள். எந்தத் துண்டு யாருக்கு என்று டவர் நொடிக்கு 1,000 முறை முடிவு செய்யும். 5ஜியின் அடிப்படையும் இதுதான், ஆனால் கூடுதல் அலைக்கற்றையும் ஆன்டெனாக்களும் உண்டு.

எல்லோருக்கும் சமமாகவா?

இல்லை. தூரத்தில் இருப்பவருக்கு சிக்னல் பலவீனம். ஒரே போட்டோவை அனுப்ப அவருக்கு அதிகத் துண்டுகள் தேவை. எல்லோருக்கும் ஒரே வேகம் என்று வைத்தால், ஓரத்தில் இருக்கும் சிலரே பெரும்பங்கை எடுத்துவிடுவார்கள். நல்ல சிக்னல் உள்ளவருக்கே கொடுத்தால், ஓரத்தில் இருப்பவர் பட்டினி. அதனால், இந்த நொடியில் யாருடைய சிக்னல் நன்றாக இருக்கிறது, அவருக்கு இதுவரை எவ்வளவு கிடைத்தது என்று இரண்டையும் பார்த்துக் கொடுப்பதே பொதுவான வழக்கம்.

வைஃபையிலும் இப்படியா?

வழக்கமான வைஃபையில் பந்தி பரிமாற ஆளில்லை. ஒவ்வொரு கருவியும் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பும். இதன் மூலக்கதையும் தீவுகளில்தான். 1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு, தீவுகளில் இருந்த பயனர்களை ஒரே ரேடியோ அலைவரிசை வழியே மையக் கணினியுடன் இணைத்தது. ‘அலோஹா’ என்று பெயர். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், இரண்டு பேர் மோதினால் கொஞ்சம் காத்திருந்து மறுபடி அனுப்பணும். எளிமைதான், ஆனால் அலைவரிசையின் திறனில் அதிகபட்சம் 18% மட்டுமே பயன்பட்டது.

பேரிடரில் என்ன ஆகும்?

இன்றும் உங்கள் போன் டவரின் கதவை முதலில் தட்டுவது அலோஹா பாணியில்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டினால் மோதல்தான் மிஞ்சும், கால் போகாது. அவசரத்தில் திரும்பத் திரும்ப அழைப்பதைவிட ஒரு எஸ்எம்எஸ் போதும் என்பது இதனால்தான்.

2004 சுனாமியில் தீவுகளின் தொலைபேசி இணைப்புகள் முடங்கின. அப்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் ரேடியோ குழுதான் தகவல்களை வெளியே அனுப்பியது. ஹாம் ரேடியோவில் ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

நீங்கள் என்ன பார்க்கலாம்?

சிக்னல் கோடு சொல்வது டவரின் குரல் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை மட்டுமே. உங்கள் பங்கு எவ்வளவு என்பதை அல்ல. இரவு 9 மணிக்கும் காலை 5 மணிக்கும் ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் பிரச்னை பெரும்பாலும் கூட்டம். அதற்குத் தீர்வு கூடுதல் டவர், கூடுதல் அலைக்கற்றை, அல்லது வீடு வரை ஃபைபர். எப்போதுமே மெதுவென்றால், டவரின் தூரத்தையோ, டவருக்குப் பின்னால் இருக்கும் இணைப்பையோ சந்தேகப்படலாம்.