அசோவ் கடலின் உளுவை

அசோவ் கடலின் மிக ஆழமான இடமே சுமார் 14 மீட்டர்தான். அதன் தரையோடு ஒட்டி வாழ்பவை உளுவை மீன்கள். வயிற்றுத் துடுப்புகள் இணைந்து உறிஞ்சுகிண்ணமாக அமைந்திருப்பதால் நீரோட்டம் அவற்றை எளிதில் பெயர்த்துவிடாது. கல்லிடுக்கில் முட்டைகளைக் காப்பது ஆண்மீன்.

கரையோர மக்களின் பசியாற்றிய இந்த மீன், சோவியத் காலத்தில் தக்காளிச் சாற்றோடு டப்பாவில் அடைபட்டு, மலிவான உணவாக நாடெங்கும் போனது. அசோவ் கரையிலுள்ள பெர்தியான்ஸ்க் நகரம் தனக்குச் சோறிட்ட உளுவைக்குச் சிலையே வைத்திருக்கிறது, தகுந்த மரியாதைதான்.

உளுவை இனங்களுள் ஒன்றான உருண்டை உளுவை, கப்பல்களின் அடித்தொட்டி நீரில் கடல் கடந்து, 1990இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஆற்றில் தென்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஐந்து பேரேரிகளிலும் பரவி, அங்கிருந்த தரைவாழ் சிறுமீன்களைப் பல இடங்களில் விரட்டிவிட்டது.