நிலம் வரைந்த கை

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை வளர்க்கும் விளையாட்டு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வெளியானது. 1978இன் விதிநூலில் பலத்தின் உச்சமான 18ஐத் தொட்ட ஆண் வீரனுக்கு அதற்கு மேலும் 100 வரை சதவீதம் உண்டு. மனிதப் பெண்ணுக்கு 50உடன் சரி. டிராகன் பறக்கலாம், பெண்ணின் தோள்வலி மட்டும் ‘யதார்த்தமாக’ இருக்க வேண்டுமாம்.

அதே ஆண்டுகளில் அந்த நிறுவனத்துக்கு வரைந்துகொண்டிருந்தார் டார்லீன். இந்த ஒற்றைப் பெயரில்தான் அவரை அறிவார்கள். 1980இல் ‘வேர்ல்ட் ஆஃப் கிரேஹாக்’ நூலுக்காக இரண்டு பெரிய தாள்களில் ஒரு நிலப்பரப்பையே விரித்தார். அறுகோணக் கட்டம் ஒன்றுக்கு 30 மைல். அதற்குள் காடு, மலை, ஆறு, எல்லை. அடுத்த ஊருக்கு எத்தனை நாள் நடை என்பதை ஆடுபவர்கள் அந்தக் கட்டங்களை எண்ணித்தான் அறிந்தார்கள். ஆனாலும் விதி எழுதியவர்தான் படைப்பாளி. இவர் ‘படம் போட்டவர்’. நான் அப்படிச் சொல்லமாட்டேன்: வீரர்கள் நடந்த தரை இவர் போட்டது.

பலத்துக்கான அந்த வரம்பு 1989இன் இரண்டாம் பதிப்பில் போனது. 2014இன் ஆட்டக் கையேட்டில் கலை இயக்குநர்களாக கேட் இர்வின் உள்ளிட்ட பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. அதில் ‘மனிதர்’ என்ற தலைப்புக்கு வரையப்பட்டிருப்பது ஒரு கறுப்பினப் பெண்.