படைப்பு, தன்விருப்பம், அருள்: புதுச்சேரிக் கரையில் நடந்த ஒரு வாதமும் அதன் மிச்சமும்

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் சாலையில் அரியாங்குப்பம் இருக்கிறது. அங்குள்ள ஆரோக்கிய அன்னை ஆலயத்தின் தொடக்கத்தை 1690ஆம் ஆண்டோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். சயாமில் நேர்ந்த ஆட்சி மாற்றத்தால் வெளியேறிய பிரெஞ்சு இயேசு சபையார் புதுச்சேரியில் காலூன்றிய காலம் அது. 1706இல் இதே சோழமண்டலக் கரையின் தென்பகுதியான தரங்கம்பாடியில் லுத்தரன் சபையைச் சேர்ந்த சீகன்பால்கு வந்து இறங்கினார். ஐரோப்பாவைப் பிளந்த சமயச் சண்டையின் இரு தரப்பும் அதன் பிறகு தமிழில் பேசத் தொடங்கின. இரு தரப்புக்கும் எதிரே வினை, ஊழ், திருவருள் என்று பல நூற்றாண்டுகளாக வாதிட்டுத் தேர்ந்த தமிழ்ச் சமய மரபு நின்றது.

மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டா, அது மீட்புக்கு எவ்வளவு உதவும் என்ற கேள்வி இந்தச் சூழலில் எவ்வாறு வடிவம் பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. என் வாதம் இதுதான்: தமிழ்க் கிறிஸ்தவச் சிந்தனையில் தன்விருப்பக் கோட்பாடு படைப்புக் கோட்பாட்டிலிருந்து பிறந்தது, அருளைப் பற்றிய விவாதத்தில் அது முதிர்ந்தது, பிறப்பின் ஏற்றத்தாழ்வு என்ற கேள்வியில் அதன் முதல் ஆசிரியர்கள் அதைப் பாதியில் கைவிட்டார்கள்.

வினையும் படைப்பும்

சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அநாதி. உயிர் படைக்கப்பட்டதன்று, அதைப் பிணித்த ஆணவமும் தொடக்கமற்றது. ஒருவர் குருடராகவும் மற்றொருவர் அரசராகவும் பிறப்பதற்கு அவரவர் வினையே காரணம். இறைவன் அவ்வினைப் பயனைக் கூட்டுவிப்பவன். உலகின் துன்பத்துக்கு இறைவனைப் பொறுப்பாக்காமல் காப்பதில் இந்த அமைப்புக்கு வலிமை அதிகம்.

கிறிஸ்தவம் அந்தப் பாதுகாப்பைத் தானே விட்டுக்கொடுத்தது. ஒன்றுமில்லாமையிலிருந்து அனைத்தையும் சர்வேசுரன் படைத்தார் என்றால், உயிருக்கு முற்பிறப்பும் இல்லை, முன்வினையும் இல்லை. அப்படியானால் தீமை எங்கிருந்து வந்தது? படைத்தவரிடமிருந்து வந்தது என்று சொன்னால் அவர் நல்லவரல்லர். வேறொரு முதலிலிருந்து வந்தது என்றால் அவர் ஒருவரே முதல்வரல்லர். இந்த இருபக்க நெருக்கடியிலிருந்து வெளியேற ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனார் காட்டிய வழியே திருச்சபையின் வழியாயிற்று: தீமை தனிப் பொருளன்று, நன்மையின் குறை, அக்குறை நுழைந்த வாயில் படைப்புயிரின் விருப்பம். ஆகவே தன்விருப்பம் இங்கே ஒரு தனிக் கொள்கையாக வரவில்லை. படைப்பை ஏற்றவர் அதையும் ஏற்றே ஆக வேண்டும்.

தத்துவ போதகர் என்று தமிழர் அறிந்த, இயேசு சபையைச் சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி (1577-1656) இந்தப் பிணைப்பை நன்கு உணர்ந்தவர். 1606இல் மதுரைக்கு வந்த அவர், ஆத்தும நிர்ணயம் என்ற நூலில் உயிரின் இயல்பையும், புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்ற நூலில் மறுபிறப்பின் மறுப்பையும் விரிவாகப் பேசினார். செய்த குற்றம் நினைவில் இல்லாதவனுக்குத் தரும் தண்டனை அவனைத் திருத்தாது என்பது இவ்வகை மறுப்பின் உயிர்நாடி. இப்பிறப்பின் செயலுக்கு இப்பிறப்பின் மனமே பொறுப்பு என்பது அதன் முடிவு.

இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். வினைக் கொள்கையை வெறும் தலைவிதிக் கொள்கையாகக் காட்டிய மிஷனரி எழுத்துகள் எதிர்த்தரப்பின் வலிமையைச் சந்திக்கவில்லை. தன் செயலின் பயனைத் தானே அனுபவிக்க வேண்டும் என்பது பொறுப்பை வலியுறுத்தும் கொள்கைதான். திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழ். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. முன்னதில் ஊழை விட வலியது எதுவென்று கேட்ட வள்ளுவர், பின்னதில் தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பார் என்கிறார். இயேசு சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730இல் இலத்தீனில் பெயர்த்தவர். இவ்விரு அதிகாரங்களும் அவர் கைவழியே சென்றவை. விருப்பத்தின் உரிமையைத் தமிழருக்குக் கிறிஸ்தவம்தான் முதலில் சொன்னது என்ற கூற்று நிற்காது. அது புதிதாகச் சொன்னது வேறு: ஒவ்வொரு உயிரும் முன்கணக்கு எதுவுமின்றி இறைவன் கையிலிருந்து நேரே வருகிறது என்பது.

அருளும் விருப்பமும்

தன்விருப்பத்தை நிறுவியதும் அடுத்த இடர் எழுகிறது. மனிதன் தன் விருப்பத்தாலேயே நன்மையைத் தேர்ந்து மீட்பை அடைய முடியுமானால் கிறிஸ்துவின் சிலுவை எதற்கு? அப்படிச் சொன்ன பெலாஜியுசின் போதனையை 418இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது இக்காரணத்தால்தான். 529இல் ஒராஞ்சு சங்கம் நம்பிக்கையின் முதல் அசைவுகூட அருளின் கொடையே என்று அறுதியிட்டது.

லுத்தர் 1525இல், விருப்பத்தின் உரிமையை ஆதரித்த எராஸ்முசுக்கு எழுதிய மறுமொழியில், இறைவனை நோக்கித் திரும்பும் காரியத்தில் மனித விருப்பம் கட்டுண்டது என்றார். 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, உலகக் காரியங்களில் விருப்பத்துக்கு ஓரளவு உரிமை உண்டு என ஒப்புக்கொண்டு, இறைவனுக்கு முன் நீதியாவது தூய ஆவியின்றி இயலாது என்றது. திரிதெந்தின் சங்கம் 1547இல் வேறு விதமாகச் சொன்னது: அருளே முந்துகிறது, ஆனால் அதற்கு இசையவும் அதை மறுக்கவும் வல்ல விருப்பம் மனிதனிடம் அழிந்துவிடவில்லை.

கத்தோலிக்கருக்குள்ளும் சச்சரவு ஓயவில்லை. இயேசு சபையின் மோலினா 1588இல் வெளியிட்ட நூல், எந்தச் சூழலில் எந்த மனிதன் எதைத் தேர்வான் என்பதை இறைவன் முன்னறிந்தே அருளை வழங்குகிறார் என்றது. தொமினிக்கன் சபையின் பாஞெஸ் அதை எதிர்த்தார். 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எவரையும் கண்டிக்காமல் விவாதத்தை நிறுத்தினார். தெ நொபிலி ரோமாபுரியில் இறையியல் பயின்ற ஆண்டுகள் இந்த விவாதம் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள். விருப்பத்தின் உரிமையை அவர் அழுத்திச் சொன்னதற்கு மதுரையில் கேட்ட கேள்விகள் மட்டும் காரணமல்ல. அவர் பயின்ற பள்ளியின் சார்பும் அதில் உண்டு.

தமிழில் இச்சண்டை வீரமாமுனிவரின் வேத விளக்கம், பேதக மறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகியவற்றில் தொடர்ந்தது. அவற்றின் கடுமை அக்காலத்துக்கு உரியது. அவர் காக்க முயன்ற கருத்தோ நிலைத்த மதிப்புடையது: விசுவாசம் உயிருள்ளதானால் அது செயலாகும். தரங்கம்பாடியார் காக்க முயன்றதும் அதே அளவு மதிப்புடையது: செயலைக் கணக்குக் காட்டி எவரும் இறைவனைக் கடனாளியாக்க முடியாது.

தமிழ் வாசகருக்கு இவ்விவாதம் அந்நியமானதன்று. வைணவத்தில் வடகலையார் மர்க்கட நியாயத்தையும் தென்கலையார் மார்ச்சால நியாயத்தையும் சொல்கிறார்கள். குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டியைத் தாய் கவ்விச் செல்கிறது. இரண்டிலும் சுமப்பவள் தாயே என்பதை இரு கலையாரும் மறுக்கவில்லை. கிறிஸ்தவ உலகிலும் உடன்பாடு அதே இடத்தில்தான் கிட்டியது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, மீட்புக்கு மனிதன் முழுமையாக அருளையே சார்ந்திருக்கிறான் என்று இருவரையும் ஒரே குரலில் பேச வைத்தது. அருளுக்கு இசைவதும் அருளின் விளைவே எனக் கத்தோலிக்கர் விளக்கினர். விசுவாசிக்கும் மனிதன் அதில் முழுமையாக ஈடுபடுகிறான் என லுத்தரன் தரப்பு ஏற்றது.

பிறப்பு என்ற கேள்வி

இனி வாதத்தின் மூன்றாம் பகுதி. முன்வினை இல்லையென்றால் ஒருவர் சேரியிலும் மற்றொருவர் அக்கிரகாரத்திலும் பிறப்பதற்கு என்ன காரணம்? தெ நொபிலி இதைத் தண்டனை என்று சொல்ல மறுத்தார். அது பெரிய அடி. ஆனால் உலகம் ஒழுங்காக நடக்கப் பல நிலைகளும் தொழில்களும் வேண்டும் என்ற விளக்கத்தில் அவர் நின்றுவிட்டார். சாதியைச் சமயத்துக்குப் புறம்பான உலக வழக்கமாகக் கருதினார். குடுமி, பூணூல், சந்தனம் போன்றவற்றுக்கு 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியும் இசைவு தந்தார். வினையின் தளை அறுந்தது. பிறப்பின் படிநிலையோ படைத்தவரின் ஏற்பாடு என்ற புதிய காப்பைப் பெற்றது.

இது கோட்பாட்டிலேயே முரண். ஒவ்வொரு உயிரும் முன்கணக்கின்றி இறைவனிடமிருந்து நேரே வருகிறது என்றால், எந்த உயிருக்கும் பிறப்பால் தாழ்வு இருக்க முடியாது. மனிதர் தம் விருப்பத்தால் உண்டாக்கிய தாழ்வை இறைவன் மேல் ஏற்றினால், தீமைக்கு இறைவனைப் பொறுப்பாக்கும் பழைய இடர் திரும்பி வருகிறது. சாதியும் தன்விருப்பத்தின் செயல்தான். ஆகவே அது பாவம் என்ற சொல்லுக்குள் வர வேண்டியது.

இந்த முரணைப் புதுச்சேரியின் வரலாறு கண்முன் காட்டுகிறது. 1704இல் திருத்தந்தையின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, ஒடுக்கப்பட்டோர் நோயுற்றால் குருக்கள் அவர்கள் வீட்டுக்கே சென்று அருட்சாதனங்களைத் தர வேண்டும் என்றது. 1744இல் பதினான்காம் பெனதிக்து அக்கடமையை மீண்டும் வற்புறுத்தினார். 1745 அக்டோபரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதுகிறார்: புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதி பிரிக்க ஒரு சுவர் இருந்தது, ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் பெரிய குருவிடம் சென்று, எல்லாரும் ஒரே சமயத்தின் மக்களாயிருக்க இந்தப் பிரிவினை ஏன் என்று முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது, உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் வெகுண்டார்கள்.

மோலினாவையும் திரிதெந்தினையும் படிக்காத அம்மக்கள், அவற்றைப் பயின்றவர்கள் எடுக்கத் தயங்கிய முடிவை எடுத்தார்கள். படைத்தவர் ஒருவர், விருப்பம் எல்லாருக்கும் உரியது, அருள் விலையின்றி வருவது என்ற மூன்று கூற்றையும் சேர்த்தால் அந்தச் சுவருக்கு இடமில்லை என்பது அவர்கள் முறையீட்டின் தருக்கம். இறையியல் வரலாற்றில் அதை ஒரு சமூகச் செய்தியாக ஒதுக்குவது தவறு. அது ஒரு கோட்பாட்டு முடிவு.

முடிவு

தன்விருப்பம் பற்றிய தமிழ்க் கிறிஸ்தவப் போதனையை மறுபிறப்பு மறுப்பின் வரலாறாக மட்டுமோ, கத்தோலிக்க-லுத்தரன் சண்டையின் கிளையாக மட்டுமோ எழுதுவது போதாது. படைப்பு, விருப்பம், அருள் ஆகிய மூன்றும் பிறப்பு என்ற நான்காம் கேள்விக்கு விடை சொன்னால்தான் அப்போதனை முழுமை பெறும். அந்த விடையைத் தந்தவர்கள் புதுச்சேரிக் கோயிலில் சுவருக்கு மறுபுறம் நிறுத்தப்பட்டிருந்தவர்கள். குருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் தெ நொபிலிக்கும் வீரமாமுனிவருக்கும் தரும் இடத்தை 1745இன் முறையீட்டுக்கும் தர வேண்டும். கல்லறையிலும் தேர்த்திருவிழாவிலும் சாதி பார்க்கும் பங்கு எங்கே இருந்தாலும், அங்கே அருளைப் பற்றிப் போதிப்பவர் முதலில் அந்தப் பிரிவினையைப் பற்றியே பேசக் கடமைப்பட்டவர்.